ஒற்றைக் காதும் இரண்டு பாக்ஸும்

"ரெண்டு வெரக்கடை பின்னால தள்ளு. ஒன் வெரலு இல்ல ஆத்தா, என் வெரலு."

ஓடைப்பட்டியில் பேச்சிமுத்து வீட்டுக் கூடம். அப்பா இரண்டு ஸ்பீக்கர் பெட்டிகளுக்கும் நடுவில், சுவரில் முதுகு படாமல் நின்றார். நான் தரையில் மண்டியிட்டு வலது பெட்டியைச் சுவர்ப் பக்கம் தள்ளினேன். எதிரே பத்தடி தள்ளிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலியில் பேச்சிமுத்து. திராட்சைக்கு மருந்தடித்த சட்டையோடு அப்படியே வந்து உட்கார்ந்திருந்தார். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது.

"பாடுறவ எங்கன நிக்கிறா?" என்றார் அப்பா.

"நல்லாத்தாண்ணே கேக்குது."

"நல்லாருக்கான்னா கேட்டேன்? எங்கன நிக்கிறான்னு கேட்டேன்."

பேச்சிமுத்து கூடத்தைச் சுற்றிப் பார்த்தார். "வீட்டுக்குள்ளயாண்ணே?"

அடுப்படியிலிருந்து அவர் மனைவி முத்துலட்சுமி கரண்டியோடு வந்துவிட்டார். "எவ நிக்கிறா?"

அப்பா பேச்சிமுத்துவின் கண்களையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குக் கையால் சைகை வந்தது. இன்னும் ஒரு விரற்கடை தள்ளினேன். வலது பெட்டியிலேயே ஒட்டிக்கொண்டிருந்த பேச்சிமுத்துவின் பார்வை மெல்லக் கழன்று, நகர்ந்து, அப்பாவின் நெஞ்சில் வந்து நின்றது.

"வந்துட்டா," என்றார் அப்பா பேச்சிமுத்துவிடம். "இனி பெட்டியத் தொட்டியன்னா கைய ஒடிப்பேன்."

அது ஒரு வியாழக்கிழமை மாலை. மறுநாள் காலை ஆறு மணிக்கு அப்பாவின் இதயம் நின்றுவிட்டது. பெயர் இஞ்ஞாசிமுத்து. வயது அறுபத்தேழு. நாற்பது நாள் ஆகிறது.

லோயர் கேம்ப் மின்நிலையத்தில் முப்பத்தொரு வருடம் டர்பைனுக்குப் பக்கத்தில் நின்றவர். வலது காதை அங்கேயே விட்டுவிட்டு ஓய்வு பெற்றார். ஒற்றைக் காதுக்காரருக்கு ஸ்டீரியோ கிடையாது. இரண்டு காதுகளுக்கும் ஒலி வந்து சேரும் நேரத்திலும் அளவிலும் உள்ள சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கண்டுபிடிக்கிறது. அப்பாவுக்கு எல்லாப் பாடகிகளும் இடது பக்கமே நின்று பாடினார்கள். ஊரில் யார் வீட்டில் ஸ்பீக்கர் எங்கே இருக்க வேண்டும் என்று தீர்ப்புச் சொன்னவர் இவர்.

யாராவது அதைச் சொல்லிக் காட்டினால் வெட்கப்பட மாட்டார். "நான் மோனோதான். அதனால என்ன? செருப்புத் தைக்கிறவன் ஊரு செருப்பையெல்லாம் போட்டா பாக்குறான்?"

காதுக்குப் பதிலாக அவர் மற்றவர்களின் கண்களை வைத்துக்கொண்டார். பெட்டிகள் சரியாக அமைந்துவிட்டால் பாடும் குரல் இரண்டுக்கும் நடுவில், ஒன்றுமே இல்லாத இடத்திலிருந்து வரும். உட்கார்ந்திருப்பவர் தன்னையறியாமல் அங்கே பார்ப்பார். அந்த இடத்தில் அப்பா நிற்பார். பார்வை தன் மேல் வந்து நின்றால் வேலை முடிந்தது. "ஆளு சொல்றத நம்பாத. வாயி வீட்டுக்காரிக்குப் பயந்து பேசும். கண்ணு அதுபாட்டுக்குப் போயி நிக்கும்."

யாரும் அவரை அழைத்ததில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்கப் போவார். தட்டை வாங்கக் கை நீட்டுகிறவரைத் தாண்டி அவர் பார்வை ஷோகேஸுக்குப் போகும். அங்கே தலையாட்டிப் பொம்மைக்கும் பேரனின் கோப்பைக்கும் நடுவில் ஒரு ஸ்பீக்கர் கண்ணாடிக் கதவுக்குள் அடைபட்டிருக்கும். இன்னொன்று பரணில், ஊருக்கே கேட்கட்டும் என்று தெருவைப் பார்த்து. "ஒங்களுக்குக் கேக்கவா வாங்குனீங்க, பக்கத்து வீட்டுக்காரனுக்கா?" பத்திரிகை அப்படியே மேசையில் கிடக்கும். அடுத்த ஒரு மணி நேரம் அந்த வீட்டில் யாரும் உட்கார முடியாது, பிளாஸ்டிக் நாற்காலியில் உட்காரவைக்கப்பட்டவரைத் தவிர.

கைப்பையில் நான்கு சாமான்கள். நூல்கண்டு, சாக்பீஸ், பெட்டிக்கு அடியில் வைக்க வெட்டிய சைக்கிள் டியூப் துண்டுகள், முகச்சவரக் கண்ணாடி. நூலை இரண்டு பெட்டிகளிலிருந்தும் நாற்காலிக்கு இழுத்து நீளம் சரிபார்ப்பார். பக்கச் சுவரில் கண்ணாடியை நகர்த்திக்கொண்டே போவார். நாற்காலியில் இருப்பவருக்கு எந்த இடத்தில் பெட்டி கண்ணாடிக்குள் தெரிகிறதோ, அந்த இடத்தில் ஒரு போர்வையைத் தொங்கவிடச் சொல்வார். சுவரில் பட்டுத் திரும்பும் ஒலியைப் போர்வை குடித்துக்கொள்ளும். அறிவியல் சரிதான். ஆனால் ஜன்னலுக்கு வெளியே நின்று பார்த்த பலவேசம் தாத்தா, இஞ்ஞாசி கண்ணாடி வைத்துப் பேய் பார்க்கிறார் என்று சொல்லிவிட்டார். அந்த வாரம் இரண்டு பேர் எங்கள் வீட்டுக்குக் குழந்தையைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

அவரால் எல்லாமே சரியானது என்று சொல்ல முடியாது. சுருளியாண்டியும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது ஸ்பீக்கரையும் ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொண்டார்கள். ஒரு வீட்டில் வயலின் கேட்டது, அடுத்த வீட்டில் தபேலா. அப்பா போய் நடுச்சுவரை இடிக்கச் சொன்னார். இருவரும் அவரை அடிக்க வந்தார்கள். அண்ணனும் தம்பியும் கடைசியாகச் சேர்ந்து செய்த காரியம் அது.

எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியார் வீட்டில் பெட்டிகள் இரண்டு மூலைகளிலும் ஒட்டி இருந்தன. மூலையில் வைத்தால் அடிக்குரல் பருத்து, எல்லாம் உருண்டையாகக் கேட்கும். "சாமி, இங்கன வச்சா ஆண்டவரே பேசுனாலும் அண்டாக்குள்ள இருந்து பேசுன மாதிரித்தான் இருக்கும்," என்றார் அப்பா. சாமியார் பெட்டிகளை நகர்த்தினார். அதன்பின் அப்பா சாமியாரிடம் பாவங்களைச் சொல்லும் பாவசங்கீர்த்தனத்துக்கு அடுத்த ஊர்க் கோயிலுக்குப் போக ஆரம்பித்தார்.

கேட்காத காதை அவர் வீணாக்கவும் இல்லை. சாப்பிடும்போது அம்மா தன் வலது பக்கம் உட்காரும்படி பார்த்துக்கொள்வார்.

நான் கோயம்புத்தூரில் ஒரு பம்ப் கம்பெனியில் அதிர்வுச் சோதனை செய்கிறேன். ஒருமுறை ஒலி அளக்கும் மைக்கும் லேப்டாப்பும் கொண்டுவந்து, அவர் அமைத்த ஒரு கூடத்தை அளந்தேன். ஒரு பெட்டி ஒன்பது மில்லிமீட்டர் முன்னால் இருப்பதாகக் காட்டியது. "அது ஒன் மிசினோட பெசகு," என்றார். அவர் டீ குடிக்கப் போனபோது திரும்ப அளந்தேன். மிஷினின் பிசகுதான். மைக் ஸ்டாண்டு சாய்ந்திருந்தது. அவரிடம் சொல்லவில்லை.

ராயப்பன்பட்டியில் எங்கள் வீட்டுக் கூடம் பதினொன்றுக்குப் பதினாறு அடி. வலது பெட்டி அதன் இடத்தில் இருக்கிறது. இடது பெட்டி இருக்க வேண்டிய இடத்தில் பிரிட்ஜ் நிற்கிறது. கூடத்தில் பிரிட்ஜுக்கான பிளக் பாயிண்ட் அங்கே மட்டும்தான். அதனால் இடது பெட்டி பதினோரு வருடமாகப் பிரிட்ஜின் தலையில், பின்னல் விரிப்பின் மேல், பிளாஸ்டிக் பூச்சாடிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறது. பிரிட்ஜ் ஓடத் தொடங்கினால் பாடகிக்குக் குளிர்காய்ச்சல் வந்துவிடும்.

"மொதல்ல பிளக்க வைங்க, அப்புறம் நகத்துறேன்," என்பாள் அம்மா. "மொதல்ல நகத்து, அப்புறம் வைக்கிறேன்," என்பார் அப்பா. வருகிறவர்களிடமெல்லாம் அம்மா சொல்வாள்: "ஊரு பூரா பாக்ஸ நகத்துறாக. சொந்த வீட்டுல ஒரு பிளக்கு வைக்கத் துப்பில்ல. முப்பத்தொரு வருசம் கரண்டு ஆபீசுல என்னத்தக் கிழிச்சாகளோ." சொல்லும்போது அப்பாவின் இடது பக்கம் நின்றுகொள்வாள்.

அந்த வியாழக்கிழமை ஓடைப்பட்டியிலிருந்து திரும்பியதும், முத்துலட்சுமி கரண்டியோடு வந்த கதையை அம்மாவிடம் சொன்னேன். தோசைக்கல்லை விட்டுவிட்டுச் சிரித்தாள். பிறகு அப்பாவைப் பார்த்து, "பேச்சிமுத்துக்கு நடுவுல வந்து நின்னாளாக்கும். எனக்கு எப்ப வந்து நிப்பா?" என்றாள்.

பதினோரு வருடத்தில் அம்மா அப்படிக் கேட்டதே இல்லை. எங்கள் கூடத்தில் பாட்டுக் கேட்கப் போட்ட நாற்காலியில் ஒருநாளும் உட்கார்ந்ததும் இல்லை.

அப்பா பாதித் தோசையோடு எழுந்தார். கையைக் கழுவாமல் பென்சிலைத் தேடி எடுத்தார். அடுப்படி வாசலுக்குப் பக்கத்துச் சுவரில், பிளக் பெட்டியின் திருகுகள் வரவேண்டிய இடத்தில், நான்கு பெருக்கல் குறிகள் போட்டார். ஒரு குறியில் சட்னி ஒட்டிக்கொண்டது. "காலையில கம்பம் போறேன். ஒயரு அஞ்சு மீட்டரு, பிளக்கு பாக்ஸு ஒண்ணு. பத்து மணிக்குப் பிரிட்ஜு இங்கன நிக்கும். நீ அங்கன ஒக்காருற."

"பாப்போம், பாப்போம்," என்றாள் அம்மா.

அடக்கத்தன்று சவுண்டு சர்வீஸ்காரர் ஸ்பீக்கர் பெட்டியை அப்பாவின் வலது பக்கம் வைத்துவிட்டார். ஜெபம் முழுக்க அவருக்குக் கேட்டிருக்காது. பேசியவர் பங்குச் சாமியார் என்பதால் பெரிய நஷ்டம் இல்லை.

நேற்று, கம்பம் போய் வயர் வாங்கி வருகிறேன், அரை மணி நேர வேலை என்று அம்மாவிடம் சொன்னேன்.

"நீ ஒண்ணும் கைய வைக்காத. சொன்னது அவுக. அவுகளே வந்து செய்யட்டும்."

சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனாள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்தாள். பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்துத் தரையில் அப்பா எப்போதோ போட்ட சாக்பீஸ் குறியின் மேல் வைத்தாள். முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். "போடு, பாப்போம்."

பாட்டைப் போட்டேன். இரண்டு பெட்டிகளுக்கும் நடுவில், அப்பா நிற்பதுபோல் சுவரில் முதுகு படாமல் நின்றேன்.

"பாடுறவ எங்கனம்மா நிக்கிறா?"

"நடுவுலதான்," என்றாள் உடனே.

அவள் கண்கள் பிரிட்ஜின் உச்சியில் இருந்தன. அங்கிருக்கும் பெட்டி வலது பெட்டியைவிட நாற்காலிக்கு இரண்டடி கிட்டத்தில், தலைக்கு மேலே இருக்கிறது. குரல் அங்கேதான் போகும். அந்தக் கண்களைப் பார்த்துக்கொண்டு நின்றேன். அவை அங்கேயே இருந்தன.

பாட்டு முடிவதற்குள் அம்மா எழுந்தாள். பூச்சாடியைத் தரையில் வைத்தாள். இடது பெட்டியை இறக்கி என் கையில் கொடுத்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு பிரிட்ஜின் பக்கவாட்டில் தோளைக் கொடுத்துத் தள்ளினாள். உள்ளே பாத்திரங்கள் இடித்துக்கொண்டன. பிரிட்ஜ் ஒரு அடி நகர்ந்தது. இரண்டடி. பின்னால் சுருண்டு கிடந்த வயர் நிமிர்ந்தது, விறைத்தது. மேற்கொண்டு வரவில்லை. நான்கு பென்சில் குறிகளுக்கும் இன்னும் ஐந்தடி இருந்தது.

"ஒயரு பத்தல," என்றாள் அம்மா. தோளை எடுக்கவில்லை.