இடப்பக்கக் கதவு

தனிஸ்லாஸுக்கு ஐம்பத்தெட்டு வயது. அதில் முப்பத்தொரு வருடம் ஸ்டியரிங் பிடித்தே கழிந்தது. முதலில் மில் லாரி. மில் மூடியபின் சொந்தமாக ஒரு பழைய வெள்ளிநிறக் கார். வில்லியனூர்ப் பக்கம் கல்யாணமா, ஆஸ்பத்திரியா, அவரைத்தான் கூப்பிடுவார்கள். நாலு வருடமாகத் தெருப் பிள்ளைகள் நால்வரைப் பள்ளிக்கூடத்தில் கொண்டுபோய் விடுவதும் அவர்தான். "என் வண்டியில ஒரு கீறல் காட்டு பாக்கலாம்" என்று பூசை முடிந்து கோயில் வாசலில் நின்று சவால் விடுவார். கொஞ்சம் தற்பெருமைக்காரர்தான். ஆனால் பொய் சொன்னதில்லை.

இந்த வருடம் அந்தச் சவாலை அவர் விடவில்லை.

சனிக்கிழமை மத்தியானம் காரைக் கழுவும்போதுதான் பார்த்தார். இடப்பக்கப் பின்கதவில் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு நசுங்கல், அதை ஒட்டி ஒரு முழ நீளத்துக்குக் கீறல். எங்கே, எப்போது என்று மண்டையைக் குடைந்தார். ஒன்றும் பிடிபடவில்லை. பிள்ளைகள் ஏறி இறங்குவது அந்தக் கதவில்தான். திங்கட்கிழமை காலை செல்வகுமாரி தன் மகள் சரண்யாவை ஏற்றிவிட வரும்போது அவள் கண் நேரே அதில்தான் விழும். கேட்டால் என்ன சொல்வது? மனைவி இன்பமேரியிடம்கூட மூச்சு விடாமல், வில்லியனூரில் டேனியலின் டிங்கரிங் ஷெட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

"நிறுத்தி வச்ச வண்டியில எவனோ இடிச்சிட்டுப் போயிட்டான்பா. திங்கக்கிழமை காலையில எனக்கு வண்டி வேணும்."

டேனியல் கதவைத் தடவிப் பார்த்தான். கதவின் உள்பக்க அட்டையைக் கழற்றி நசுங்கலைத் தட்டி எடுத்துவிடலாம், ஆனால் கீறல் அப்படியே இருக்கும் என்றான். பட்டி போட்டுத் தேய்த்து அந்த இடத்துக்கு மட்டும் பெயிண்ட் அடிக்கலாம், ஆனால் வெயிலில் வெளுத்த பழைய வெள்ளியோடு புது வெள்ளி சேராது. கதவு முழுக்க அடித்தால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. அதற்கு நாலு நாள் ஆகும்.

தனிஸ்லாஸுக்கு எதுவும் சரிப்படவில்லை. தட்டி எடுத்தால் கீறல் காட்டிக்கொடுக்கும். பாதி அடித்தால் ஒட்டு காட்டிக்கொடுக்கும். நாலு நாள் வண்டி வராவிட்டால் தெருவே என்ன ஏது என்று விசாரிக்கும். எதை மறைக்க இத்தனை தவிப்பு என்று மட்டும் அவர் தன்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

"அண்ணே, ஒண்ணு சொன்னா கோச்சிக்காதீங்க" என்றான் டேனியல். "நின்ன வண்டியில வந்து இடிச்சா உள்ள குழியும், அவ்ளோதான். இது முன்னாலருந்து பின்னால இழுத்துனு போயிருக்கு. வண்டி ஓடினு இருக்கும்போது வுழுந்த கீறு. பொங்கலுக்குப் பம்பர் முனை கொண்டாந்தீங்க. தவக்காலத்துல சைடு கண்ணாடி. எல்லாமே இடப்பக்கம்."

"அதெல்லாம் சந்துல பட்டதுடா."

"இது இன்னா? பச்சைப் பெயிண்ட் ஒட்டினு இருக்கு பாருங்க."

தனிஸ்லாஸ் பார்த்தார். தினமும் அவர் போகும் வழியில் பச்சை அடித்த இரும்புத் தூண் ஒன்றுதான் இருக்கிறது, பள்ளிக்கூட வாசலில், உள்ளே நுழையும்போது இடப்பக்கம். அப்படியானால் உரசியபோது பிள்ளைகள் உள்ளே இருந்திருக்கிறார்கள். அவர்கள் போடும் கூச்சலில் சத்தம் காதில் விழவில்லை. ஆறு வயதுச் சரண்யா அந்த ஜன்னலோரம்தான் உட்காருவாள். கேட்டைத் தாண்டும்போது கையை வெளியே நீட்டி வாட்ச்மேனுக்கு டாட்டா காட்டுவாள். எத்தனை தடவை அதட்டியும் கேட்டதில்லை. அன்றைக்கு அந்தக் கை எங்கே இருந்தது?

"கண் டாக்டர்கிட்ட காட்டினீங்களாண்ணே?"

இடப்பக்கம், தோளருகிலேயே குரல் கேட்டது. அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது. "எப்படா இந்தப் பக்கம் வந்த?"

"வந்து ரெண்டு நிமிஷம் ஆவுதுண்ணே. கைய ஆட்டினுதான் நிக்கிறேன்."

தனிஸ்லாஸ் முகத்தை முழுக்கத் திருப்பினார். அப்போதுதான் டேனியலின் கை தெரிந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. ஸ்டியரிங் இல்லாமல் தனக்கு என்ன தெரியும் என்ற பயம் ஒரு பக்கம். அதைவிடப் பெரிதாகச் சரண்யாவின் அந்தச் சின்னக் கை கண்ணுக்குள் நின்றது. போய்க் காரிலிருந்து சாவியை எடுத்தார்.

"கதவு முழுக்க அடிச்சிடட்டுமாண்ணே?"

"இப்ப ஒண்ணும் பண்ணாத. என்னைக் கொண்டுபோய் வூட்ல வுட்டுடு. நீயே ஓட்டு."

சாவியைக் கொடுத்துவிட்டு, செல்வகுமாரிக்குப் போன் போட்டார்.

"திங்கக்கிழமையிலருந்து புள்ளைங்களுக்கு வேற வண்டி பாத்துக்கம்மா."

"ஏண்ணே, வண்டி ரிப்பேரா?"

ஆமாம் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்தது.

"வண்டி இல்லம்மா. எனக்கு இடப்பக்கம் பார்வை செரியா இல்ல. ஸ்கூல் கேட்டுல கதவை உரசியிருக்கேன். எனக்கே இப்பதான் தெரியுது."

கோபமாகக் கத்தினால்கூடத் தேவலை என்றிருந்தது அவருக்கு. அவள் கத்தவில்லை. மெல்லிய குரலில்தான் கேட்டாள்.

"நேத்துகூட என் பொண்ணு அந்தப் பக்கம்தானேண்ணே உக்காந்துனு போனா?"

"ஆமாம்மா" என்றார் தனிஸ்லாஸ்.