நூற்றுப் பதினேழாம் நம்பரின் வழக்கு

எழுபதுகளின் நடுவில் ராஸ் அல் கைமாவில் ஒரு சிமெண்ட் ஃபாக்டரியில் டைம்கீப்பராக இருந்தேன். டியூட்டிக்கு வருகிறவர்கள் கேட்டில் என் ஜன்னல் முன்னால் வரிசையில் வந்து நம்பரைச் சொல்வார்கள். நான் குனிந்த தலை நிமிராமல் மணியை எழுதுவேன்.

ஒரு வெள்ளிக்கிழமை மத்தியானம் ஆட்கள் தங்கும் கேம்ப்பில் எங்கள் ஸ்டோர்கீப்பர் தலையில் அடிபட்டுச் செத்துக் கிடந்தார். நாகர்கோவில்காரர், யாரிடமும் அதிர்ந்து பேசாதவர். முதல் நாள்தான் நூற்றுப் பதினேழாம் நம்பர்க்காரன், ராமநாதபுரம் பக்கத்து ஆள், கிழிந்த பூட்ஸுக்கு மாற்று தரவில்லையென்று அவர் சட்டையைப் பிடித்திருந்தான். வேறென்ன வேண்டும்? போலீஸ் வருவதற்குள் கேம்ப் தீர்ப்பு சொல்லிவிட்டது. ஷார்ஜாவில் ரோலா கடைத்தெரு டீக்கடைகளில்கூட இதே பேச்சு என்றார்கள்.

அவன் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான். அன்று காலையிலிருந்து கல் உடைக்கும் கிரஷரில் ஓவர்டைம் பார்த்தானாம். என் ரிஜிஸ்டரிலும் அப்படித்தான் இருந்தது. ஆனால் ஒருவன் நம்பரை இன்னொருவன் சொல்லிவிட்டுப் போவதும் அங்கே நடக்கும். அதனால் அவனை நேரில் பார்த்தேனா என்று சொல்ல நானும் சாட்சியானேன்.

மாதக்கணக்கில் இழுத்தது. பிக்கப் வண்டியில் கோர்ட்டுக்குப் போவோம், வராந்தாவில் காத்திருப்போம், தள்ளிவைத்துவிட்டார்கள் என்பார்கள், திரும்புவோம். வெளியே எங்கள் ஆட்களோடு மற்ற கம்பெனி ஆட்களும் லீவு போட்டுவிட்டு வந்து நிற்பார்கள். கைவிலங்கோடு அவனைக் கொண்டுபோகும்போது கெட்ட வார்த்தைகள் பறக்கும். மெஸ்ஸில் என் பக்கத்தில் உட்கார்ந்து, "நீங்க பாக்கலைன்னு சொல்லிருங்க சார், கலாஸ், அதோட முடிஞ்சுது" என்று சோறு பிசைந்தபடி சொல்வார்கள்.

நான்காவது தடவை என்னைக் கூப்பிட்டார்கள். நீதிபதி அரபியில் கேட்டதை ஒரு மலையாளி மொழிபெயர்த்தார்.

"அந்த ஆளோட முகம் கண்டோ?"

"நம்பரைக் கேட்டு எழுதினேன்."

"முகம் கண்டோன்னு கேக்கறார்."

"ஞாபகம் இல்லை."

உண்மை அதுதான். கூண்டில் நின்றவன் என்னையே பார்த்துக்கொண்டிருந்தான். வெளியே வந்தபோது ஒருவன் என் தோளைத் தட்டிக்கொடுத்தான். அந்தக் கையைத் தட்டிவிடக்கூட எனக்குத் தெம்பில்லை.

அவனைக் காப்பாற்றியது, கூட இருந்ததாக அவன் சொல்லியும் யாரும் தேடாத ஒரு பட்டாணிய ஃபிட்டர். சம்பவத்துக்கு மறுநாளே லீவில் பெஷாவர் போனவர், திரும்பி வந்ததும் விஷயம் கேள்விப்பட்டு நேரே கோர்ட்டுக்குப் போனார். அன்று முழுக்க அவன் என்னோடுதான் கிரஷரில் இருந்தான், என் ரொட்டியில் பாதியை அவனுக்குக் கொடுத்தேன் என்று சத்தியம் செய்தார். அடுத்த வாய்தாவில் விடுதலை.

கேம்ப் நம்பவில்லை. ரூமில் அவன் கட்டிலை வெளியே போட்டுவிட்டார்கள். கம்பெனியும் தொல்லை வேண்டாமென்று விசாவை ரத்து செய்தது. பெட்டியை எடுக்க வந்த அன்று அவனோடு ஒருவரும் பேசவில்லை. நான் போய்ப் பெட்டியின் ஒரு பக்கம் பிடித்தேன்.

பிக்கப்பில் ஏற்றிய பிறகு கேட்டான்: "பாத்தேன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கக் கூடாதா சார்?"

"பாக்கலையேப்பா. எப்படிச் சொல்றது?"

"அன்னிக்கு உங்களுக்கு வணக்கம் சொன்னேன் சார். நீங்களும் ம்னு சொன்னீங்க."

எனக்கு நினைவில்லை. தினமும் எத்தனையோ பேர் சொல்வார்கள், எல்லோருக்கும் ம் என்பேன். டிரைவர் "யல்லா, யல்லா" என்று ஹாரனை அடித்தான். வண்டி போய்விட்டது.

ஸ்டோர்கீப்பரைக் கொன்றது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. கொஞ்ச நாளில் மெஸ்ஸில் வேறு பேச்சு வந்துவிட்டது. மறுமாதம் கேட் வேலையிலிருந்து மாற்றல் கேட்டேன். மேனேஜர் காரணம் கேட்டார்.

"அசதியா இருக்கு சார்" என்றேன். ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதிக் கொடுத்தார்.