கெளுத்திப் புழுவும் ஹைருன் பீவி பேரும்

தென்காசிச் சந்தையில் குளத்து மீன் என்றால் ஹைருன் பீவிதான். இலத்தூர் குளத்துக்கே போய், துடிக்கத் துடிக்க வாங்கி வந்து விற்பாள். அவளிடம் வாய் கொடுத்து மீண்டவன் கிடையாது. பக்கத்தில் காய்கறிக் கடை போட்டிருந்த நானே சாட்சி. ஆனால் மீனில் மட்டும் ஒரு குறை சொல்ல முடியாது. "பேரு கெட்டா எனக்கு வேற என்ன இருக்கு, அண்ணாச்சி?" என்பாள்.

அந்தப் பேருக்குத்தான் அறுபத்திரண்டாம் வருஷத்துச் சாரல் சீசனில் வேட்டு வைத்தார் ஏசுதாசன். கல்லூரி வாத்தியார். மீன் செவுளில் ஒட்டி வாழும் தட்டைப் புழுக்களை ஆராய்கிறவர். குற்றாலத்தில் அறை எடுத்துவிட்டு, ஊரே அருவிக்குப் போக, இவர் மீன் சந்தைக்கு வந்தார். நல்ல மனுஷன்தான், வாய்தான் இடம் பொருள் பார்க்காது. பீவியின் கெளுத்தியைப் பிளந்து பூதக்கண்ணாடியில் பார்த்தவர், "அக்கா! உங்க மீன்ல எம்புட்டுப் புழு!" என்று சந்தோஷமாகக் கூவிவிட்டார்.

கூட்டம் கலைந்தது. சந்தைக் குத்தகைக்காரர் ஆவுடையப்பன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்தார். "புழுத்த மீனையா விக்குத? நாளைக்குக் கூடையோட இங்கன வராத."

பீவி அழுதுவிட்டாள். எனக்கு வந்ததே கோபம்! "ஓய் வாத்தியாரே, வாய வச்சிக்கிட்டுச் சும்மா இருக்கமாட்டீரோ?"

"ஐயோ, இது அழுகல் புழு இல்ல அண்ணாச்சி! மீனு செத்தா இதுவும் கொஞ்ச நேரத்துல செத்துரும். இது நெளியுதுன்னா மீனு இப்பம் புடிச்சது."

பீவி கண்ணைத் துடைத்தாள். நேரே எதிர்க்கடைக்குப் போய், ஆவுடையப்பனின் மச்சான் விற்ற ஐஸ் கெளுத்தி ஒன்றைத் தூக்கி வந்தாள். "இதையும் பாருங்க சார்."

அதில் ஒன்றும் நெளியவில்லை. எல்லாரும் சிரித்ததில் ஆவுடையப்பன் முகம் செத்துப்போனது. மறுநாள் முதல், "புழு நெளியுதா பீவி?" என்று கேட்டுத்தான் வாங்கினார்கள்.

வாத்தியார் ஒவ்வொரு சாரலுக்கும் வந்தார். "கெளுத்திப் புழுவும் வாளைப் புழுவும் நெருங்குன சொக்காரங்க அக்கா, கெண்டைப் புழு தூரத்துச் சொந்தம். மீனு வம்சம் பிரியப் பிரிய, ஒட்டியிருந்த புழுவும் கூடவே போயி தனித்தனி வம்சமா ஆயிருக்கு" என்பார்.

"தனிக்குடித்தனம் போனாலும் விடலயாக்கும்!" என்று பீவி சிரிப்பாள்.

ஒருநாள், எங்கும் பதிவாகாத புதுப் புழு ஒன்று கிடைத்துவிட்டதாம். "அக்கா, இதுக்கு உங்க பேரையே வைக்கப் போறேன்!"

பீவி அரிவாள்மணையை விட்டு எழுந்தாள். "யா அல்லா! கெட்டுப் பொழச்ச பேரு சார் இது. அதப் போயி புழுவுக்கா வைக்கப் போறீங்க? ஒட்டிக்கிட்டு உறிஞ்சுததுக்குத்தான பேரு வேணும்? ஆவுடையப்பன் பேர வைங்க!"

கடை வாடகை வாங்க வந்து அவள் முதுகுக்குப் பின்னால் நின்றிருந்த ஆவுடையப்பன், அன்றைக்கு வாங்காமலே போய்விட்டார்.