ஜமால் அண்ணன் காத்த கல்பாலம்

விடிகாலையில் ஜமால் அண்ணனின் மகன் போனில் அழுதான். "அக்கா, அத்தா மவுத்தாயிட்டாங்க." அவன் அப்பா இறந்துவிட்டாராம். நேற்று மாலைதானே கடையில் எனக்கு டீ ஆற்றிக் கொடுத்தார்! மனிதருக்கு அப்படி என்ன அவசரம்?

எங்கள் ஊர் சிம்பாங் பூலாயில் அவர் கடையில் சாப்பிட்டவர்களுக்கு, கடைக்குப் பின்னால் இருக்கும் கல்பாலம் தெரியும். ஈயச் சுரங்கத்துக்குத் தண்ணீர் கொண்டுபோன கால்வாயின் மேல் கட்டியது. சுரங்கத்தை மூடி, இயந்திரங்களைப் பழைய இரும்புக்குப் போட்டபின் மிஞ்சியது அந்தப் பாலமும் ஒரு குட்டையும்தான். அங்கே நின்றுதான் அவருடைய அத்தா சுரங்கத்து ஆட்களுக்கு டீ விற்றிருக்கிறார்.

எனக்கோ அந்தப் பாலத்தைக் கண்டாலே ஆகாது. ரப்பர் தோட்டத்தை விட்டு நாங்கள் குடிவந்த வீடுகள் கால்வாயை ஒட்டித் தாழ்வில் இருக்கின்றன. பெருமழை என்றால் பாலத்து வளைவில் குப்பை அடைத்து, தண்ணீர் நேரே என் அடுப்படிக்கு வரும். ஒருமுறை அரிசி மூட்டையே வீணாய்ப் போனது. கடைக்குப் போய்க் கத்தினேன்.

"பாலத்தை இடிக்கச் சொல்லி மனு கொடுக்கப் போறேன் அண்ணே!"

அவர் கோபப்படவில்லை. "இடிச்சிட்டா எங்க அத்தா நின்ன இடம்னு எதைக் காட்டுவேன் தங்கச்சி? நான் இருக்கிற வரைக்கும் உன் அடுப்படிக்குத் தண்ணி வராதுலா."

"வாயால யாரும் சொல்லலாம்" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு வந்துவிட்டேன்.

அதன்பின் வானம் கறுத்தால் போதும், கல்லாவை மகனிடம் விட்டுவிட்டு, செம்பனைக் குலை அறுக்கும் நீளக் கம்போடு பாலத்தடிக்குப் போய்விடுவார். பிளாஸ்டிக், மட்டை, ஒருநாள் முழு மெத்தையே வந்தது. முழங்கால் வலியோடு இழுப்பார். என்னைப் பார்த்தால், "மனு எழுதியாச்சா?" என்று கிண்டல் வேறு. எழுதிய மனு அலமாரியிலேயே கிடந்தது.

அடக்கம் முடிந்து ஆண்கள் திரும்பும்போதே மழை கொட்டத் தொடங்கியது. தண்ணீர் என் வாசல்படிக்கு ஏறிவிட்டது. அக்கம்பக்கத்தார் கூடினார்கள்.

"இனிமே கம்பு பிடிக்க ஆளில்ல. நாளைக்கே மனுவைக் கொடுங்கக்கா, இடிச்சுத் தள்ளட்டும்."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "அவரைப் புதைச்ச ஈரம் காயல. அதுக்குள்ள அவங்க அத்தா நின்ன இடத்தையும் புதைக்கணுமா?"

கடைப் பின்சுவரில் சாய்ந்திருந்த கம்பை எடுத்துக்கொண்டு போனேன். அழுதுகொண்டே இழுத்தேன். கொஞ்ச நேரத்தில் அவர்களும் வந்து கைகொடுத்தார்கள். வாசல்படி ஏறிய தண்ணீர் மெல்ல இறங்கியது.

அந்தக் கம்பு இப்போது என் வீட்டில் இருக்கிறது. அவர் மகன் வந்து கேட்டான். தரமாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

நீங்கள் இருக்கிற வரைக்கும் என்றுதான் சொன்னீர்கள். நீங்கள் போன அன்றும் என் அடுப்படி காய்ந்துதான் கிடந்தது, அண்ணே.