வெட்டியெடுத்த பதினொரு விநாடி

கள்ளக்குறிச்சியில் ஒரு ஜவுளிக்கடையின் மாடியில் எங்கள் ஊழியத்தின் மீடியா அறை இருந்தது. நான் அங்கே வீடியோ எடிட்டர். காலையில் ஜெபம் முடிந்ததும், நேற்றுப் போட்ட வீடியோவை எத்தனை பேர் பார்த்தார்கள் என்று பார்ப்போம். பிரசங்கம் ஓடாது. ஜெபத்தால் குணமானேன் என்று யாராவது சொல்கிற சாட்சி ஓடும். அழுகிற முகத்தை முதல் ஐந்து விநாடிக்குள் வைக்கச் சொல்வார் பாஸ்டர் ஐயா. 'டாக்டர்கள் கைவிட்டார்கள்' என்று சிவப்பு எழுத்தில் போடுவேன். எந்த டாக்டரும் கைவிட்டிருக்க மாட்டார். பழகிவிட்டது.

என் அக்காவைக் கச்சிராயபாளையத்தில் கட்டிக்கொடுத்திருந்தோம். கரும்பு வெட்டுக்குப் போகிறவள். சர்க்கரை வியாதியில் காலில் வந்த புண் மாதக்கணக்கில் ஆறவில்லை. அரசு ஆஸ்பத்திரியில் ஊசி போட்டு, கட்டுக் கட்டி, மெத்தென்று ஒரு ரப்பர் செருப்பும் கொடுத்தார்கள். சபையில் ஜெபமும் செய்தோம். புண் ஆறியது. அதை ஐயாவிடம் போய் உளறியவன் நான்தான்.

சாட்சி வீடியோவில் அவளுக்குப் பின்னால் பனி இறங்கியிருந்தால் நன்றாக இருக்கும் என்று ஐயா அவளை வெள்ளிமலைக்குக் கூட்டிவரச் சொன்னார். அவள் நடந்து வருகிற காட்சியில் அந்த ரப்பர் செருப்பு அசிங்கமாகத் தெரிந்தது. கழற்றச் சொன்னவனும் நான்தான்.

அக்கா கூச்சமில்லாமல் பேசினாள். நடுவில், "ஆஸ்பத்திரி ஊசியும் போட்டுக்கினுதான் வரேன், இன்னும் நிறுத்தல" என்றாள். எடிட்டிங் அறையில் ஐயா என் தோளில் கை வைத்தார்.

"அது வேணாம் தம்பி. கர்த்தரோட மகிமை கம்மியாவுது."

பதினொரு விநாடி. வெட்டியது தெரியாமலிருக்க அந்த இடத்தில் மலையைக் காட்டினேன். வேலை சுத்தமாக வந்திருந்தது. வெட்கம்கெட்ட எனக்கு அன்றைக்குப் பெருமையாகக்கூட இருந்தது.

அந்த வீடியோ ஓடியதுபோல எங்களுக்கு வேறெதுவும் ஓடவில்லை. சபையில் அக்காவுக்கு முன்வரிசையில் நாற்காலி கிடைத்தது. வேலை முடிந்து வந்ததும் அவளும் ஃபோனில் அதைப் போட்டுப் பார்ப்பாள். பார்க்கப் பார்க்க, தான் சொன்னது மறந்து நான் ஒட்டிக்கொடுத்ததை நம்பத் தொடங்கினாள். ஊரறியச் சாட்சி சொல்லிவிட்டு வீட்டுக்குள் ஊசி போட்டுக்கொண்டால் தேவனிடம் பொய் சொன்னதாகிவிடும் என்று பயந்து, ஊசியை நிறுத்திவிட்டாள். செருப்பையும் விட்டாள். எனக்குத் தெரியவந்தபோது கால் கறுத்திருந்தது. முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

வீடியோவை எடுத்துவிடுங்கள் என்று ஐயாவிடம் போய் நின்றேன். அதைப் பார்த்து எத்தனை ஆத்துமாக்கள் சபைக்கு வருகின்றன தெரியுமா என்று கேட்டார். அக்காவுக்கு விசுவாசம் குறைந்துபோனது என்றும் சொன்னார். ஓங்கி அறையலாம் போலிருந்தது. அறையவில்லை. வேலையை மட்டும் விட்டேன். அதில் பெரிய வீரம் ஒன்றுமில்லை.

போன வாரம் அக்காவைப் பார்க்கப் போனேன். வெட்டிய துண்டைப் பென்டிரைவில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருந்தேன். அவளிடம் காட்டி, எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்றுதான் போனேன். அவள் கட்டிலில் உட்கார்ந்து அதே வீடியோவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மலைச்சாலையில் வெறுங்காலோடு நடந்து வருகிறாள். நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"ஏன்டா, ஊசி போட்டுக்கினு இருக்கறத அன்னிக்கி நான் சொன்னேனா? சொன்ன மாதிரியும் இருக்குது, சொல்லாத மாதிரியும் இருக்குது. நீதான கூட இருந்த."



"இல்லக்கா. நீ சொல்லல."

அவள் போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள்.

"அப்ப நான் சொன்னது பொய்ச்சாட்சிதான். அதான் காலு போச்சி."

நான் அவள் வீட்டில் கொடுத்த டீயைக் குடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் திரும்பி வந்தேன். பென்டிரைவ் சட்டைப்பையிலேயே இருந்தது.