கடிக்கக் கூடாதவற்றின் பட்டியல்

திருப்பூர் ராயபுரத்தில் பல் கிளினிக் நடத்திய காலத்தில் நான் என்னை மகா கெட்டிக்காரன் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன். அந்த நினைப்பைக் கெடுத்தவர் சாந்தாமணி, பனியன் கம்பெனியில் ஓவர்லாக் மெஷினில் ஓரம் தைக்கும் டெய்லர். ஒருநாள் காலையில் கதவைத் தள்ளிக்கொண்டு வந்து, "டாக்டருங்க, நீங்க வெச்ச பல்லு ஆடுதுங்க" என்றார்.

மங்கலம் ரோட்டில் ஸ்கூட்டியிலிருந்து விழுந்து மேல் முன்பல்லைத் தொலைத்தவர். ஆறு வாரம் முன்புதான் இம்பிளான்ட் வைத்திருந்தேன். தாடை எலும்பில் ஒரு டைட்டானியம் ஸ்குரூவை இறக்குவோம். எலும்பு வளர்ந்து அதைப் பிடிக்க மூன்று நான்கு மாதம் ஆகும். பிடித்த பிறகுதான் அதன்மேல் கிரவுன் என்கிற நிரந்தரப் பல். அதுவரை ஒரு தற்காலிகப் பல். அது பார்க்க மட்டும்தான், கடிக்க அல்ல. இதையெல்லாம் பொம்மைத் தாடையைக் கையில் பிடித்துக்கொண்டு பிரசங்கமே செய்திருந்தேன்.

பட்டியலும் கொடுத்திருந்தேன். முறுக்கு, கரும்பு, ஆட்டெலும்பு, கொய்யா எதுவும் கூடாது. லேமினேஷன் செய்த பட்டியல்! அவ்வளவு பெருமை எனக்கு.

"அம்மணி, எதையோ கடிச்சிருக்கீங்க. முறுக்கா?"

"அய்யோ, இல்லீங்க. ரெண்டு வேளையும் தயிர்சோறுதானுங்க."

"கறி?"

"பழனிக்கு மாலை போட்டிருக்கறனுங்க. கறிக்கு எங்கீங்க போறது?"

முருகனே சாட்சிக்கு வந்தும் நான் விடவில்லை. பொய் சொல்லாதீர்கள் என்று திட்டிவிட்டு, இன்ஸ்பெக்டர் தோரணையில் எக்ஸ்ரே எடுத்தேன். ஸ்குரூவைச் சுற்றிக் கறுப்புக் கோடு. எலும்பு பிடிக்கவில்லை, வெளியே எடுத்தாக வேண்டும். அந்த இடத்தில் எலும்பும் மெலிது. இன்னும் ஒரே ஒரு முறைதான் வைத்துப் பார்க்கலாம், அதுவும் போனால் இம்பிளான்ட் என்ற பேச்சே கிடையாது என்றேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "இப்பத்தானுங்க கம்பெனி லைன்ல நாலு பேத்தோட சிரிச்சுப் பேசீட்டிருந்தேன்."

சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். தலைப்பில் ஒரு நூல் பிசிறு தொங்கியது. என் கண்ணெதிரிலேயே அதை அந்த ஆடும் பல்லுக்குக் கொண்டுபோய், 'ஸ்ஸ்' என்று வலியில் கையை எடுத்தார்.

"கம்பெனிலயும் இப்படித்தான் நூலைக் கடிக்கறீங்களா?"

"நூல் வெட்டற டிரிம்மர் இருக்குதுங்க. அத எடுத்து வெட்டறதுக்குள்ள அடுத்த பீஸ் வந்துருமுங்க. நீங்க குடுத்த சீட்டுல நூல் இல்லீங்களே."

இல்லைதான். திருப்பூரில் கிளினிக் வைத்துக்கொண்டு, டெய்லரின் பல்லுக்கு வைத்தியம் பார்த்து, கரும்பைத் தடை செய்த மேதை நான்! வெட்கமாக இருந்தது. மன்னிப்புக் கேட்டேன். இளம் டாக்டர்களுக்குச் சொல்கிறேன்: வாயைத் திறக்கச் சொல்லும் முன், என்ன வேலை பார்க்கிறீர்கள் என்று கேளுங்கள்.

எலும்பு ஆறியதும் இரண்டாவது ஸ்குரூ வைத்தேன். இந்த முறை நூல் வாய்க்குப் போகாதபடி மாஸ்க் போட்டுக்கொண்டே தைத்தார். அது அவருடைய யோசனை, என்னுடையது அல்ல. நான்கு மாதம் கழித்து எக்ஸ்ரே எடுத்தேன். எலும்பு கெட்டியாகப் பிடித்திருந்தது. எனக்குத்தான் கண் கலங்கியது.

லேபிலிருந்து கிரவுன் கூரியரில் வந்தது. கவரைச் சுற்றி டேப். ஆர்வம் தாங்காமல் ஓரத்தைப் பல்லால் கடித்து இழுத்தேன். சேரில் சாய்ந்திருந்த சாந்தாமணி எழுந்து உட்கார்ந்து, பையிலிருந்து டிரிம்மரை எடுத்து நீட்டினார்.

"ஏனுங்க டாக்டர், அது சொந்தப் பல்லுதானுங்களா? போச்சுன்னா மொளைக்காதுங்க."

டிரிம்மரை வாங்கி டேப்பை வெட்டினேன். கிரவுனை மாட்டி முடித்ததும், அந்தப் பல் முதன்முதலில் சிரித்தது என்னைப் பார்த்துத்தான்.