காசு நின்ற பிறகும் மூடாத ஃபைல்

இன்று துபாய் சத்வாவில், அரசாங்கப் படிவம் நிரப்பும் டைப்பிங் சென்டர் வரிசையில் நின்ற என்னிடம் ஒருவர் படிவத்தை நீட்டினார். அரியலூர்க்காரர். ஜெபல் அலி சைட்டில் சாரத்திலிருந்து விழுந்து, வலது கை மடங்காமல் போனவர்.

"அண்ணே, இத கொஞ்சம் நிரப்பிக் குடுங்க."

அடுத்தவர் காகிதம் என்றால் எனக்கு அல்வா. பேனாவைத் திறந்தேன்.

மாத உதவித்தொகை முடிந்துவிட்டதா? ஆம்.

கோரிக்கையை முடித்துக்கொள்ளலாமா? காசே நின்றுவிட்டதே என்று அதற்கும் 'ஆம்' போடப் போனேன். இடது கையால் என் மணிக்கட்டைப் பிடித்தார்.

"அங்க டிக் போட்டா நான் கலாஸ்ணே, கதை முடிஞ்சிது!"

"அதான் காசு வரலையேப்பா?"

"அது ஆறு மாசத்துக்குத்தான். இது நிரந்தர ஊனமான்னு டாக்டருங்க இனிமேதான் சொல்லுவாங்க. அதுவரைக்கும் மாசாமாசம் டாக்டர் சீட்டு குடுத்து ஃபைல உசுரோட வெச்சிருக்கணும். மூடிட்டா, விழுந்ததையே முதல்லேர்ந்து நிரூபிக்கணும். பாத்தவனுங்க பாதிப்பேரு ஊருக்குப் போயிட்டானுங்க."

"ரூம்ல என்ன சொல்றாங்க?"

"ஒண்ணுமே தராத எடத்துக்கு ரெண்டு பஸ் மாறிப் போற கிறுக்கன்னு சிரிக்கிறானுங்க."

பிறகு இடது கையால், எழுத்து எழுத்தாக, கையெழுத்துப் போட்டார். வரிசையே காத்திருந்தது. ஒருவரும் 'யல்லா, சீக்கிரம்' என்று அவசரப்படுத்தவில்லை.

முத்திரை விழுந்தது. இன்னொரு மாதம் ஃபைல் திறந்திருக்கும்.

ஒன்று சொல்லவில்லையே: பதினேழு வருடமாக எனக்குச் சோறு போடுவது இப்படிப்பட்ட படிவங்களைக் கையாளும் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனி.

ஆபீஸ்காரர்கள் இதைப் படிக்காமல் நகரவும். மற்றவர்கள் சொல்லுங்கள், நீங்கள் படிக்காமல் டிக் போட்ட கட்டம் எது?